கொசுவுக்குக் கை காட்டியவள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். குளிருக்கு அம்மாவின் முட்டிவலி கூடியிருக்கிறது, வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் நாம் பேச ஆரம்பித்ததும் என்ன நடந்தது? அம்மா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள். நாம் பேசியதைவிட அவள் பீற்றிக்கொண்டதுதான் அதிகம். "எம் பொண்ணு ஆகாசத்துல உக்காந்து கிரேன் ஓட்டுறா. ஆம்பளைங்கல்லாம் அண்ணாந்து பாத்துத்தான் பேசணும்!" அதனால் ரகசியம் எல்லாம் இனிமேல் தபாலில். பதிலை என் ஸ்டுடியோ முகவரிக்கே போடு.

ரகசியம் இதுதான்: என்னிடம் ஒரு ட்ரோன் இருக்கிறது. முதலாளி கல்யாண வீடியோவுக்குப் பெரிதாக ஒன்று வாங்கிவிட்டு, கால் ஒடிந்த பழைய குட்டியைக் குப்பையில் போடப் போனார். "அதை எனக்குக் குடுங்க சார்" என்று கையை நீட்டிவிட்டேன். காலை ஒட்டி, இறக்கைகளை மாற்றியாயிற்று. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் முட்டி உயரத்துக்கு மேலே போகாமல் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சின்னக் கருவிகளை வைத்துப் படம் எடுப்பவர்களுக்கென்று ஒரு குறும்படப் போட்டி நடக்கிறது. ஜூன் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கல்யாணத்தில் மற்றவர்கள் சொல்கிறபடி கேமரா பிடித்தே எனக்கு வயதாகிவிடும் போலிருக்கிறது. ஒரு படமாவது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அக்கா. படம் உன்னைப் பற்றித்தான். கடைசிக் காட்சி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது: தரையிலிருந்து கட்டடத்தை ஒட்டி மேலே மேலே போகிறோம், உச்சியில் கேபின் கண்ணாடிக்குள் நீ. அவ்வளவுதான், படம் முடிந்தது. வரட்டுமா?

உன் தம்பி


ஜனவரி 25

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுத்தேன் என்று பொய் சொல்லாதே.

என் தலைக்கு மேலே பறக்க யாரைக் கேட்டாயடா? இதுவரை எனக்கு மேலே போனது காக்காயும் பருந்தும்தான். அதுகளுக்கே நான் இடம் விட்டுத்தான் பழக்கம். உன் கொசுவும் வரிசையில் நிற்கட்டும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலையில் ஏணி ஏறி முடித்துக் கதவைச் சாத்தினால் அப்புறம் நானும் காற்றும்தான். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் ஆட்கள் எல்லாரும் முற்றத்தில் சிந்திய அரிசி மாதிரி கிடப்பார்கள். இந்தக் கட்டடத்தில் என் கை படாமல் ஒரு தூண்கூட எழும்பவில்லை. ஒரு கம்பிக்கட்டு, ஒரு கண்ணாடிப் பலகை, எதையும் இடித்துக் கீறி நான் இறக்கியதில்லை. முதல் வருஷம் "பொம்பளையா மேல ஏறுது?" என்று சிரித்தவர்கள்தான், இப்போது கொஞ்சம் சிக்கலான சுமை வந்தால், "அக்கா இருக்காங்களா பாரு, அவங்க வந்து தூக்கட்டும்" என்கிறார்கள். எழுதும்போதே எனக்குத் தலைக்கனம் ஏறுகிறது. ஏறட்டும்.

வா. ஆனால் ஜூன் பாதியில் கிரேனைக் கழற்றிவிடுவார்கள். அதற்குள் முட்டி உயரத்தைத் தாண்டக் கற்றுக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். ஒத்தடம் நிஜமாகவே கொடுத்தேன். நீயும் நலம்தானே?

கொசு தண்ணீர்த் தொட்டியில் மோதிவிட்டது. சிரிக்காதே.

எங்கள் லைட்மேனைக் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். பறக்க விடுகிறவன் கண் திரையில் இருக்கும்; வானத்தைப் பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். மனுஷன் எனக்கு எதிரே நின்றுகொண்டு "வலது! வலது!" என்று கத்தினார். நான் என் வலது பக்கம் தள்ளினேன். அவர் சொன்னது அவருடைய வலது. போதாக்குறைக்குக் கொசு அந்த நேரம் பக்கவாட்டில் திரும்பி நின்றதால் அதற்கு ஒரு தனி வலது. மூன்று வலதும் சேர்ந்து தொட்டிச் சுவரில் போய் முடிந்தது. அவர் வந்து நிதானமாக, "நான் சொன்னேன்ல தம்பி?" என்கிறார்!

இரண்டு இறக்கை போயிற்று, கேமரா பிழைத்தது. மற்றபடி நன்றாகவே வருகிறது. விடிந்ததும் பறக்க விட்டால் காற்று இல்லை, வெளிச்சமும் சாய்வாக விழுகிறது. வெயில் ஏறினால் படம் வெளுத்துவிடுகிறது, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடித் துண்டு மாட்டிப் பார்க்கிறேன். புழுதி உறிஞ்சாமல் இருக்க ஒரு பலகை மேல்தான் இறக்குகிறேன். முக்கியமாக, கையை அடக்கி மெதுவாக ஓட்டினால்தான் சினிமா. வேகமாக ஓட்டினால் அது வெறும் பூச்சி.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள வாண்டுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

எங்கள் வேலையில் வாயைத் திறக்கிற சைகைக்காரனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வலது இடது என்ற பேச்சே கிடையாது. கீழே நிற்கிறவன் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறானோ அந்தப் பக்கம் கொக்கி போகும். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கையையும் விரித்துவிட்டால் எது நடந்தாலும் நிறுத்து. நான் அவன் முகத்தையே பார்ப்பதில்லை, கையை மட்டும்தான் பார்ப்பேன். உன் லைட்மேன் வாயில் துணியை அடைத்துவிட்டு இதைச் சொல்லிக்கொடு.

இன்றைக்குக் காற்று அதிகம் என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். அதுவும் நல்லதுதான், கொஞ்ச நாளாகத் தலை கிறுகிறு என்றிருக்கிறது. தூக்கம் போதவில்லை, வேறொன்றும் இல்லை. அம்மாவிடம் சொல்லி ஊரைக் கூட்டிவிடாதே.

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தலைச்சுற்றல் சரியாகிவிட்டதா? மார்ச் முதல் வாரம் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போனில் கேட்டால், "வேலைடா, வேலைடா" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய்.

இப்போது கொசு என் சொல் கேட்கிறது. ஒரே நேர்க்கோட்டில், ஆடாமல், மரத்தின் அடியிலிருந்து உச்சி வரை தூக்கிவிட்டேன். லைட்மேனும் வாயை மூடிக் கையை நீட்டப் பழகிவிட்டார். எடுத்ததை முதலாளி பார்த்துவிட்டு, "என் பெரிய மிஷின்ல எடுத்தா மாதிரி இருக்குடா" என்றார். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. தலைகால் புரியவில்லை.

ரகசியம் போதும் என்று அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "மரத்தை எதுக்குடா எடுத்தே, அவளை எடு" என்றாள்.

எந்த ஞாயிற்றுக்கிழமை வரட்டும்? இப்போது மேலேயிருந்து பார்த்தால் என்னவெல்லாம் தெரிகிறது என்று எழுது. காட்சியை அதற்குத் தகுந்தபடி யோசித்து வைக்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கேயும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீ வர முடியாது போலிருக்கிறது. இங்கே பாதுகாப்புக் கெடுபிடி அதிகமாகிவிட்டது, இன்ஜினியர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேறு ஏதாவது எடுத்துக்கொள். உங்கள் பக்கம் பாலம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, மேலேயிருந்து எடுத்தால் அழகாகத்தான் இருக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறாள். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

ஏரியை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், திட்டு. உங்கள் இன்ஜினியருக்கு நானே போன் போட்டுப் பேசினேன். தங்கமான மனுஷன். ஜூன் முதல் ஞாயிறு வேலை கிடையாது, ஆட்கள் தலைக்கு மேலே பறக்க விடாமல் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். பறக்க விடுவதற்கு வாங்க வேண்டிய அனுமதியையும் வாங்கிவிட்டேன்.

அப்புறம், கடைசிக் காட்சியை மாற்றிவிட்டேன். கேபின் வேண்டாம். கண்ணாடியில் வெயில் பட்டால் உள்ளே இருப்பவர் முகமே தெரியாதாம், படம் எடுக்கிறவர்கள் பலரும் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக எனக்குக் கீழே நின்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும். லைட்மேனைக் கூட்டிவர முடியாது, அவருக்குக் கல்யாண வேலை. நீ நின்றால் போதும். யோசித்துப் பார்த்தால் இதுதான் படத்துக்கும் நல்லது என்று தோன்றுகிறது.

உன் தம்பி


மே 15

டேய்,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். காது கெட்டுப்போனவளுக்கே காது குத்துகிறாயா? கண்ணாடியில் வெயிலாம், கல்யாண வேலையாம்! அந்த இன்ஜினியர் உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், நீ ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எழுதுகிறாய். கடிதத்தைப் படித்ததும் வந்த ஆத்திரத்தில் கிழித்துப் போடப் போனேன்.

சரி, என் வாயாலேயே கேட்டுக்கொள். மார்ச்சில் ஒரு நாள் ஏணியில் பாதி ஏறியிருக்கும்போது கட்டடமே என்னைச் சுற்றி வந்தது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் வந்துதான் இறக்கினார்கள். காதுக்குள்ளே கோளாறாம். மாத்திரை சாப்பிட்டால் தரையில் நடக்கலாம், ஓடலாம், ஆடலாம். உயரத்துக்கு மட்டும் இனி போகவே கூடாதாம். டாக்டர் ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது என் கேபினில், என்னிடம் வேலை பழகிய பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே நின்று அவளுக்குக் கை காட்டுகிறேன். எல்லாரையும் குனிந்து பார்த்தவள், இப்போது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறேன். முதல் வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அழுதேன், போதுமா?

வேலை போகவில்லை. சம்பளமும் பெரிதாகக் குறையவில்லை. மானம்தான் போனது. அதுவும் எனக்காக இல்லை. அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாளே, அவளுக்கு நான் என்ன சொல்வேன்?

வா. உன் படத்துக்குச் சைகைக்காரி வேண்டுமென்றால், இந்த வேலையிடத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அதைக் காட்டக் கூடாது. இந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்று.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அம்மா நலம். மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அன்றைக்கு நாம் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். திரையில் நான் பார்த்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் தடவை ஏற்றினேனே, அதில் நான் செய்தது முட்டாள்தனம். கிரேன் அடிக்குப் பக்கத்திலேயே கிளப்பிவிட்டேன். அவ்வளவு இரும்புக்கு நடுவில் கொசுவுக்குத் திசை குழம்பிவிட்டது. நான் ஒரு பக்கம் தள்ள, அது வேறொரு பக்கம் நழுவுகிறது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கிளம்பிய இடத்துக்கே திரும்பு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தக் கட்டைவிரல் போய்விட்டது. அழுத்தியிருந்தால் அது முதலில் நேராக மேலே ஏறும். மேலே கிரேனின் நீட்டுக்கை இருந்தது. நான் அதை மறந்தே போய்விட்டேன்.

அப்போதுதான் திரையில் உன்னைப் பார்த்தேன். ஆரஞ்சு மேல்சட்டை, விரித்த இரண்டு கை. நிறுத்து! விரலை எடுத்துவிட்டேன். நீ கீழேயிருந்து கொசுவையும் நீட்டுக்கையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாய். அப்புறம் ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாய். உன் வலதா என் வலதா என்ற கேள்வியே இல்லை, திரையில் கை எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் மெல்லத் தள்ளினேன். இரும்பைவிட்டு வெளியே வந்ததும் அது தானாக அடங்கிவிட்டது. இப்படித்தான் நீ வருஷக்கணக்கில் மேலே உட்கார்ந்து கீழே பார்த்தாயா? எவ்வளவு பெரிய நம்பிக்கை அது, அக்கா. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாவது தடவை உச்சியிலிருந்து இறக்கினோமே, அதுதான் காட்சி. முதலில் நீ ஒரு ஆரஞ்சுப் புள்ளி. புள்ளிக்குக் கை முளைக்கிறது. கை சுழல்கிறது, ஒவ்வொரு மாடியாக இறங்குகிறோம். பூசாத சுவர், காயப்போட்ட கையுறை, யாரோ ஜன்னலில் மறந்து வைத்த டம்ளர், எல்லாம் உன் விரலுக்குக் கட்டுப்பட்டு மேலே போகின்றன. கடைசியில் உன் கண்ணுக்கு நேராக வந்து, நீ உள்ளங்கையைக் காட்டியதும் நிற்கிறது. படப்பதிவு நின்றுவிட்டது என்று நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அது நிற்கவில்லை. சிரிப்பு முழுதாக இருக்கிறது.

நான் எடுத்ததிலேயே உருப்படியான காரியம் இது. கர்வமாகத்தான் சொல்கிறேன். நேற்றே அனுப்பிவிட்டேன். உனக்குக் கொடுத்த வார்த்தையையும் காப்பாற்றுகிறேன், அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் தேர்வானால் அரங்கத்தில் போடுவார்கள். அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது? நீயே சொல்.

உன் தம்பி


ஜூன் 21

அன்புள்ள வாண்டுக்கு,

நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். தலைச்சுற்றல் குறைந்திருக்கிறது.

கிரேனைக் கழற்றிவிட்டார்கள். அதற்கு முன் கடைசிச் சுமையின்போது கேபினில் இருந்த பெண் சொன்னாளாம்: "அக்கா கை காட்டினாத்தான் தூக்குவேன்." மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள், நான் போய் நின்றேன். அடுத்த கட்டட வேலைக்கு என்னைச் சைகைக்காரர்களுக்கெல்லாம் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சைகையையும் நானே நிற்கவைத்துப் பழக்க வேண்டுமாம். உன் லைட்மேனை அனுப்பு, முதலில் அவரைத் திருத்துகிறேன்.

அம்மாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று நேற்றுப் போன் போட்டேன். எடுத்ததும் அவள், "மேல காத்து அதிகமாடி?" என்றாள். "இல்லம்மா" என்றேன். சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

தேர்வானால் கூட்டிக்கொண்டு போ. முன்னால் எதுவும் சொல்லாதே. பார்க்கட்டும். அவள் முகம் சுண்டிவிட்டால், அதை மட்டும் எனக்கு எழுதாதே.

உன் அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீ பதறிக்கொண்டு கடைசி வரிக்கு ஓடாமல் வரிசையாகப் படி.

படம் தேர்வாகி, போன சனிக்கிழமை அரங்கத்தில் போட்டார்கள். முதல் பரிசு வேறொருவருக்கு, நமக்கு இரண்டாவது. ஆனால் கைதட்டல் நமக்குத்தான் அதிகம். சந்தேகமிருந்தால் என் முதலாளியைக் கேள், பல்லைக் கடித்துக்கொண்டு அவரே ஒப்புக்கொண்டார்.

அம்மா எனக்குப் பக்கத்தில். திரையில் கிரேன் வந்ததும் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். கேபினிலேயே கண். உன்னை அங்கே தேடுகிறாள் என்று தெரிந்தது. கொசு இறங்க ஆரம்பித்தது. புள்ளி பெரிதாகி ஆள் ஆனதும் என் தொடையில் ஒரு அடி வைத்தாள்.

"டேய், இவ ஏன்டா கீழ நிக்கிறா?"

காதோடு சொன்னேன். காது, ஏணி, டாக்டர், எல்லாவற்றையும். திரையில் உன் கை சுழன்றுகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் முகம் வந்து நின்றது, நீ சிரித்தாய், விளக்கு போட்டார்கள். எனக்கு அவள் பக்கம் திரும்பவே பயம்.

திரும்பினால் ஆள் அங்கே இல்லை. முட்டிவலியை மறந்து எழுந்து நின்று, பின்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் தோளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பாத்தீங்களா, எம் பொண்ணு! இத்தனை வருஷம் போட்டோவுல கிரேனைக் காட்டி, உள்ள என் பொண்ணு இருக்கா, இருக்கான்னு சொல்லிட்டு இருந்தேங்க. வேலை செய்யறப்போ அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

உன் தம்பி